ஜீரோவில் நிற்கிறதா? லென்சோமீட்டரின் கதை

கண்ணாடிக் கடையில் நம்ம பழைய கண்ணாடியை நீட்டினால், கடைக்காரர் அதை மைக்ரோஸ்கோப் மாதிரி ஒரு கருவியில் வைத்து, சக்கரத்தை இப்படியும் அப்படியும் உருட்டி, பவரைச் சீட்டில் எழுதிவிடுவார். அதுதான் லென்சோமீட்டர். புதுசா கடை வைக்கிறவர்கள் "எந்த பிராண்டு வாங்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். கருவியின் கதை தெரிந்தால் கேள்வியே மாறிவிடும்.

150 வருஷத்துக்கு முன்னால் லென்ஸுக்குக் கணக்கு அங்குலத்தில். அந்த அங்குலமோ நாட்டுக்கு நாடு வேறு. பாரிஸ் அங்குலம் சுமார் 27 மி.மீ., ஆங்கில அங்குலம் 25.4 மி.மீ. 10 அங்குலக் குவியத்தூரம் என்று இரண்டு ஊரிலும் சொன்னால், இன்றைய கணக்கில் ஒன்று 3.69, இன்னொன்று 3.94. ஏறக்குறைய கால் பவர் போச்சு! 1872-இல் பிரெஞ்சு கண் மருத்துவர் மோனொயே டயாப்டர் என்ற அலகை முன்வைத்தார். குவியத்தூரம் 1 மீட்டர் என்றால் 1 டயாப்டர். அரை மீட்டர் என்றால் 2.

அலகு வந்தாச்சு, அளப்பது எப்படி? கையால்தான். லென்ஸ் வழியே ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே லென்ஸை அசைக்க வேண்டும். மைனஸ் என்றால் கம்பி கூடவே நகரும், ப்ளஸ் என்றால் எதிர்ப்பக்கம் நகரும். எதிர் பவர் லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கம்பி அசையாமல் நிற்கும்போது கணக்கு முடிந்தது. தடித்த ப்ளஸ் லென்ஸில் இது பிசகும். பின்பக்கக் குழிவில் சோதனை லென்ஸ் ஒட்டி உட்காராது. முன்பக்கம் வைத்தால் கிடைப்பது முன்பக்க பவர். கண்ணுக்கு வேண்டியதோ பின்பக்க பவர்.

மூன்று ஊசி வைத்த லென்ஸ் கடிகாரமும் உண்டு. அது அளப்பது வளைவை மட்டுமே. பொருளின் ஒளிவிலகல் எண் 1.53 என்று தானாக வைத்துக்கொள்ளும். 1.67 லென்ஸில் 4 என்று காட்டினால், அந்தப் பரப்பின் உண்மையான பவர் 5-ஐத் தாண்டும்.

இதற்கெல்லாம் விடையாகத்தான் 1920-களில் அமெரிக்கன் ஆப்டிக்கல் கம்பெனியின் லென்சோமீட்டர் கடைகளுக்கு வந்தது. அது அந்தக் கம்பெனி வைத்த வணிகப் பெயர், பிறகு பொதுப்பெயராகிவிட்டது. உள்ளே ஒளிரும் ஒரு இலக்கு, நடுவே நிலையான ஒரு லென்ஸ். கண்ணாடியின் பின்பக்கம் உட்காரும் இடத்தில்தான் அந்த லென்ஸின் குவியம். 1876-இல் பாடால் கண்ணை அளக்கக் கையாண்ட அதே ஏற்பாடு. இதனால் ஒவ்வொரு டயாப்டருக்கும் இலக்கு ஒரே தூரம் நகரும், அளவுகோல் சீராக இருக்கும்.

அந்தத் தூரம் எவ்வளவு? நிலை லென்ஸ் 20 டயாப்டர் என்றால் ஒரு டயாப்டருக்கு 2.5 மி.மீ. கால் பவருக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சக்கரத்தில் சின்ன ஆட்டம் இருந்தாலும் யாரோ ஒருவர் தவறான கண்ணாடியோடு வீட்டுக்குப் போவார், தலைவலி அவருக்கு.

ஆகவே பிராண்டைக் கேட்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். முதலில் கண்வில்லையை வெளிப்பக்கம் முழுக்கத் திருப்பி, உள்ளே கொண்டுவந்து, கோடுகள் தெளிந்ததும் நிறுத்துங்கள். இதை விட்டால் எல்லா அளவும் உங்கள் கண்ணின் பிழையோடுதான் வரும். பிறகு லென்ஸ் வைக்காமல் பாருங்கள்: இலக்கு தெளியும்போது சக்கரம் ஜீரோவில் நிற்கணும். கடைசியாக, பவர் தெரிந்த ஒரு லென்ஸை வைத்து, ப்ளஸ் பக்கமிருந்தும் மைனஸ் பக்கமிருந்தும் உருட்டுங்கள். இரண்டு தடவையும் அதே எண் வந்தால், பழைய கருவியானாலும் தாராளமாக வாங்கலாம்.