மதகு திறக்கும் திகதி பிறந்த கதை

திருக்கோவிலிலிருந்து கல்முனை வரையான கரையோர வட்டைகளில் வெள்ளாமை ஒரு காலத்தில் வழக்கத்தை நம்பியே நடந்தது. எப்போது விதைப்பது, கட்டு உடைந்தால் யார் மண் போடுவது என்பதெல்லாம் பெருங்காணிக்காரரான போடிமாரும் வயல்வெளிகளைக் கவனித்த வட்டை விதானைமாரும் கூடிப் பேசித் தீர்த்த விடயங்கள். 1832இல் பிரித்தானியர் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து குளத்தையும் வாய்க்காலையும் காக்கும் பொதுக் கடமையும் தீவெங்கும் பிடி தளர்ந்தது. குளங்கள் தூர்ந்தன, வழக்குகள் பெருகின. வந்தது முதல் பெரிய ஆபத்து.

1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், பழைய வழக்கத்துக்கே சட்டத்தின் பலத்தைக் கொடுத்தார். அதுதான் அவருடைய கெட்டித்தனம். காணிக்காரர் கூடி எடுக்கும் முடிவை மீறினால் தண்டனை உண்டு என்றானது. கூட்டம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதை ஊமையாக்கிவிடக்கூடிய ஒன்று 1949இல் மேற்கே, இங்கினியாகலையில் எழத் தொடங்கியது.

கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்து அங்கே அணை கட்ட வந்தது அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம். கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையைக் கட்டிய கூட்டில் பங்கேற்ற நிறுவனம் அது. டென்னசி பள்ளத்தாக்கின் மாதிரியில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அணைக்குப் பின்னால் சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாக விரிந்தது. இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது கூடிப் பேச என்ன இருக்கிறது? திகதியை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது. கணக்குப் பிசகியிருந்தது சில வருடங்களில்தான் தெரிந்தது.

எதிர்பார்த்த அளவு தண்ணீர் சமுத்திரத்துக்குள் வரவில்லை. மேலே புதிய குடியேற்றங்கள், பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். தலைமுறைகளாகக் கீழே வயல் செய்துவந்த முஸ்லிம்களும் தமிழரும் வாய்க்காலின் கடைக்கோடிக்காரர் ஆனார்கள். 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கெதிரான வன்முறை வெடித்து இரத்தம் சிந்தியது. அந்தக் காயத்தோடு பார்த்தால்தான் பின்னால் நடந்ததன் பெறுமதி விளங்கும். 1970களின் முடிவில் இடதுகரை வாய்க்கால்களில் பெரும்பாலான கதவுகள் உடைந்து கிடந்தன. மேலே உள்ளவன் வேண்டியதை எடுத்தான். கீழே உள்ளவன் இரவில் போய்க் கட்டை வெட்டினான். நாட்டிலேயே மிக மோசமாகச் சீர்குலைந்த திட்டம் என்று பெயரெடுத்த இந்த இடத்தைத்தான் ஒரு பரிசோதனைக்குத் தெரிந்தெடுத்தார்கள்.

அமெரிக்க உதவியோடு புனரமைப்பு தொடங்கியது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் நோர்மன் அப்ஹொஃபும் சேர்ந்து, இளம் பட்டதாரிகள் சிலரை 1981இல் அமைப்பாளர்களாக ஊர்களில் இறக்கினார்கள். ஆறுதலாகப் பழகி, மெல்ல அமைப்புகளைக் கட்டுவதுதான் திட்டம். அந்த வருடம் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. ஆறுதலுக்கு நேரமில்லை. சண்டை மூளும் என்றே எல்லோரும் பயந்தார்கள்.

நடந்தது வேறு. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். ஆறே வாரங்களில் பரிசோதனை தொடங்கிய பகுதியின் பெரும்பாலான கமக்காரர் இதில் இறங்கிவிட்டார்கள். வாய்க்காலுக்கொரு பிரதிநிதி, சம்பளமில்லாமல், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆளாக. நம்பிக்கையில்லாமல் வந்த பொறியியலாளர்கள் அவர்களோடு வாய்க்கால் வழியே நடந்து வடிவமைப்பைத் திருத்தினார்கள். அப்போதுதான் அடுத்த இடி விழுந்தது. அமைப்பாளர்களான பட்டதாரிகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது; பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

அமைப்புகள் சாகவில்லை. 1988இல் கமக்காரரும் அதிகாரிகளும் சேர்ந்து முகாமை செய்வதை அரசாங்கம் நாடளாவிய கொள்கையாகவே ஏற்றது. அதே 1980களில், வேறொரு பக்கம், மகாவலித் திட்டத்தில் நீர் முகாமைத்துவச் செயலகம் கனடாவின் ஏக்கர்ஸ் நிறுவனத்தின் கணினி மாதிரியைக் கொண்டு நீர்த்தேக்கங்களின் வரவு செலவைக் கணித்தது. அது அவசியமான கணக்கு. ஆனால் எந்த உடைப்பில் தண்ணீர் வீணாகிறது, எந்த வயல் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்பது அந்தந்த இடத்தில் காணி செய்பவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டக் கல்லோயாவில் 1997இன் சிறுபோகம் வந்தது.

சமுத்திரம் வற்றியிருந்தது. நெல் செய்யத் தண்ணீர் போதாது என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். கிடைக்கக்கூடிய சொற்பத் தண்ணீரைத் தாங்களே பங்கிட்டுக்கொள்வதாகக் கமக்காரர் பொறுப்பேற்றார்கள். இடதுகரையின் 65,000 ஏக்கரும் விதைக்கப்பட்டது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. ஆனாலும் மேலே இருந்த சிங்களக் கமக்காரர் விட்ட தண்ணீர் கீழே தமிழரின் வயல்களுக்கு வந்தது. விளைச்சலோ வழக்கமான சராசரியைத் தாண்டியது.

போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் இன்று பொறியியலாளர் நீர்மட்டத்தைச் சொல்கிறார். அமைப்புகளின் பிரதிநிதிகள் ஏக்கர் கணக்கைப் பேசுகிறார்கள். மதகு திறக்கும் நாளும் மூடும் நாளும் அங்கேயே முடிவாகின்றன. அந்தத் திகதியைக் கேட்ட பிறகே விதைநெல் ஊறப்போடப்படுகிறது.