வேலை மருந்தான வரலாறு

விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தொழிலாளியிடம் வேலையே மருந்து என்று ஒருவர் உரைப்பாராயின், அவர் நகைப்பார். அந்நகைப்பில் நியாயமும் உண்டு. ஆயினும், எலினர் கிளார்க் ஸ்லேகிள் என்னும் அமெரிக்க அம்மையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இக்கொள்கைக்கே ஈந்தார். அவர் வரலாற்றை நம் தோட்டத்து அன்பர்களும் பட்டணத்து அன்பர்களும் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

சிகாகோவில் ஏழை மக்களுக்கென நடந்த ஹல் ஹவுஸ் நிலையத்தின் தொடர்பே அவரை இத்துறையில் புகுத்தியது. மனநோயாளர் பலர் நாள் முழுதும் சுவரை வெறித்து வாளா அமர்ந்திருந்த காலம் அது. பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் 1913இல் திறக்கப்பட்ட மனநோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் அடால்ப் மேயர், நோயாளியின் நாள் உழைப்பும் விளையாட்டும் ஓய்வும் உறக்கமும் ஒழுங்குற அமையவேண்டும் என்றவர். அங்கு அம்மையார் தொழிற்பகுதியை நடத்தினார். 1915இல் சிகாகோவில் இக்கலைக்கெனப் பயிற்சிப் பள்ளியொன்றும் அவர் பொறுப்பில் எழுந்தது.

நோயாளியை வேலை வாங்குவது புதுமையா? அன்று. பித்தர் விடுதிகள் நோயாளிகளைக் கொண்டே துணி வெளுத்தன, வயலும் உழுதன. அதன் ஆதாயம் விடுதிக்கு. அம்மையாரின் முறையிலோ வேலையின் அளவை நிர்ணயிப்பது நோயாளியின் உடலும் உள்ளமுமே. கூடை கோணலாயினும் கேடில்லை. முடைந்த விரல் மீண்டும் மடங்கிற்றா என்பதே கேள்வி. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை மயிரிழை போன்றது. மேற்பார்ப்பவர் சற்று அயர்ந்தால், மருந்து கூலியில்லா உழைப்பாகிவிடும்.

1917 மார்ச்சில் நியூயார்க் மாகாணத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸில் இத்துறைக்குரிய தேசியச் சங்கம் தோன்றியது. கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். முடங்கிப்போன தம் இடப்புறத்தைத் தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் மீட்டவர். அம்மையாரும் அச்சங்கத்தை நிறுவியவருள் ஒருவர். மூன்று வாரத்தில் அமெரிக்கா மகா யுத்தத்தில் இறங்கியது. காயமுற்ற சிப்பாய்களைப் பழக்கி எடுப்பதற்குப் புனரமைப்பு உதவியாளர் என்ற பெயரில் பெண்களை இராணுவம் திரட்டியது. அவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியை அம்மையாரும் ஏற்றார். 1918இல் அவ்வுதவியாளருட் சிலர் பிரான்சில் லா போஷ் என்னுமிடத்து வைத்தியசாலையை அடைந்தனர். பீரங்கி அதிர்ச்சியால் கை நடுங்கியவரும் பேச்சிழந்தவருமான சிப்பாய்களிடம், கிடைத்த தகரக் குவளையையும் பலகைத் துண்டையும் தந்து விளையாட்டுப் பொருள் செய்யப் பழக்கினர்.

கடல் கடந்து சென்ற அப்பெண்களுக்கு இராணுவப் பதவி எதுவும் இல்லை. தாதிகளுக்கேனும் 1920இல் பெயரளவில் ஒரு பதவி கிடைத்தது, இவர்களுக்கு அதுவுமில்லை. சிப்பாயின் கையைத் திருத்தியவர் சம்பளப் பேரேட்டில் சிவிலியனாகவே நின்றார். பேரேட்டோடு பழகிய நமக்கு அவ்வேற்றுமை எத்தகையதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மையார் 1922 முதல் நியூயார்க் மாகாண மனநோய் விடுதிகளில் இச்சிகிச்சையை நடத்தும் பொறுப்பை ஏற்று, 1942இல் மறையும்வரை அதிலேயே இருந்தார். அவ்விரண்டாம் யுத்தத்திலும் இத்துறைப் பெண்கள் பதவியின்றியே உழைத்தனர். 1947 ஏப்ரலில்தான் சட்டம் இயற்றி அவர்களை இராணுவ அதிகாரிகளாக ஏற்றனர். பெண்களுக்கென்றே அமைந்த அப்படைப்பிரிவில் ஆண்கள் சேர 1955வரை காத்திருக்க நேர்ந்தது.