கோணல் அழகு

யந்திரத்துக்கு நேர்கோடு இழுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சித்திரம் போட ஆரம்பித்த நாளில், உருண்டையும் பெட்டியும் மாசு மறுவில்லாமல் திரையில் வந்து நின்றன. ஒரு மலையைப் போடச் சொன்னால்தான் அது திணறியது. இயற்கை அதற்குள் எப்படி நுழைந்தது என்பது சுவாரசியமான சரித்திரம். கதை எழுதுகிறவனுக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மலையடிவாரத்தில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். அதுவே ஒரு குட்டி மலை! பெரிதில் உள்ள கரடுமுரடு சிறிதிலும் இருக்கிறது. இந்தக் கரடுமுரடுக்குக் கணக்கு எழுதியவர் பெனுவா மாண்டல்ப்ரோ. உடைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1975இல் அதற்கு ‘ஃப்ராக்டல்’ என்று பெயரும் வைத்தார்.

அவருடைய புத்தகத்தைப் படித்தவர்களில் லோரன் கார்ப்பென்டர் ஒருவர். போயிங் விமானக் கம்பெனியில் வேலை. விமானத்தின் படத்துக்குப் பின்னால் மலைகள் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு முக்கோணத்தைச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, முனைகளைக் குருட்டாம்போக்கில் சற்றே ஏற்றி இறக்கி, மறுபடி பிரித்துக்கொண்டே போனார். மலை எழும்பிவிட்டது! 1980இல் அந்த மலைகளிடையே பறப்பதுபோல் இரண்டு நிமிஷப் படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். லூகாஸ் ஃபிலிம் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. 1982இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில், செத்த கிரகம் ஒன்று உயிர் பெறும் காட்சியில் அவர் மலைகள் இருக்கின்றன.

அதே ஆண்டு வெளிவந்த ‘ட்ரான்’ படத்தில் வேலை செய்தவர் கென் பெர்லின். படங்களின் வழவழப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் யந்திரத்தனமாக இருந்தது. ஆனால் வெறும் தாறுமாறைக் கலந்தால் கிடைப்பது புள்ளி மழைதான். அடுத்தடுத்த இடங்கள் ஒன்றையொன்று அனுசரித்து மெல்ல மாறும்படியான ஒரு தாறுமாறை அவர் கண்டுபிடித்தார். சலவைக்கல்லின் ரேகை, மேகம், புகை எல்லாம் அதிலிருந்து வந்தன. அதற்காக 1997இல் ஆஸ்கார் தொழில்நுட்பப் பரிசும் பெற்றார்.

பறவைக் கூட்டத்தை இறக்கியவர் கிரேக் ரேனால்ட்ஸ். 1987இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தலைவன் என்ற பறவையே இல்லை. பக்கத்துப் பறவைமேல் மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்றே விதிகள்தான். 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் வௌவால் கூட்டம் பறந்தது இந்த வழியில்தான்.

கடைசியாக மனித முகம். கம்ப்யூட்டர் மனிதர்களின் தோல் நெடுநாள் பீங்கான் மாதிரியே இருந்தது. உண்மையான தோலில் வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பிவிடுவதில்லை. பாலுக்குள் புகுவதுபோல் உள்ளே புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளிவருகிறது. ஹென்ரிக் ஜென்சனும் நண்பர்களும் 2001இல் அதைக் கணக்காக்கிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில், ஒரு மோதிரத்துக்காகத் தன்னையே இழந்த கோலம் என்ற பிராணி அந்தத் தோலோடு வந்து நின்றது. அதன் அசைவுகள் ஆண்டி செர்கிஸ் என்ற நடிகருடையவை. அந்தப் பரிதாபமான ஜந்துவுக்காக ஜனங்கள் மனம் இளகினார்கள்.

நூற்றுக்கு நூறு நல்லவனாகப் படைத்த கதாநாயகன் அட்டைப் பொம்மையாகவே நிற்பான் என்பது நாவல் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். அவனுக்கு ஒரு கோணல் வேண்டும். அதுவும் அவன் ஸ்வபாவத்தோடு ஒட்டிய கோணலாக இருக்க வேண்டும். பெர்லின் கண்டதும் அதுதான்.

யந்திரம் வந்தால் மனிதன் இயற்கையை மறப்பான் என்கிறார்கள். இவர்கள் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். கல்லையும் மேகத்தையும் பறவையையும் உற்றுப் பார்க்காமல் இவர்களால் ஓர் அடி நகர முடியவில்லை. இப்போது வந்திருக்கும் யந்திரமோ, பிறர் எடுத்த படங்களையும் வரைந்த சித்திரங்களையும் கோடிக் கணக்கில் விழுங்கிவிட்டு, கேட்ட மாத்திரத்தில் ஓர் இலையை நீட்டுகிறது. இலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவன் ஓர் இலையையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லாமல் போய்விட்டது. என் கவலை அதைப் பற்றித்தான்.