அப்பாவின் கப்சாயும் ஒரு மில்லிமீட்டரும்

அப்பாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 என் கைக்கு வந்த வாரமே, அதன் இஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஜாசினிலிருந்து ஆயர் குரோவுக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். பின்னால் தம்பி உட்கார்ந்தால் மேட்டில் மோட்டார் திணறுகிறது.

பட்டறைக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "செய்யலாம் தம்பி. ஆனா உனக்கு ஸ்பீடு வேணுமா, இழுவை வேணுமா? அத மொதல்ல சொல்லு."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இந்த வண்டி எங்கள் லயத்துக்கு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் நட்ட முதல் தோட்டக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். பிறகு காடுகள் தோட்டங்களாயின. நம்மவர்களின் லயங்கள் சாலையைவிட்டு வெகு உள்ளே இருந்தன. வெளியே போக கால்தான். அப்புறம் சைக்கிள். அதிலும் நிம்மதி இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது.

1958இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வந்தது. 49 சிசி, 4.5 குதிரைசக்தி. கிளட்ச் பிடிக்க வேண்டாம்; ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியபடி கடைப் பையன்கூட ஓட்டலாம். பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே விற்றார். கப் என்பதோடு சிறியது என்ற பொருளில் வரும் சீன 'சாய்' சேர்ந்து கப்சாய் ஆனது. 1987இல் இஎக்ஸ்5 வந்தது. பால்வாளியும் அரிசி மூட்டையும் மூன்று பிள்ளைகளும் அதில் ஏறினோம்.

அக்காவுக்கு வலிப்பு வந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. தோட்டத்தில் வேறு வண்டி இல்லை. அம்மா அக்காவை மடியில் வைத்துப் பின்னால் உட்கார, அப்பா ஒரு உதை உதைத்தார். ஒரே உதை. மோட்டார் கிளம்பியது. அக்கா பிழைத்தாள்.

இனி கணக்குக்கு வருகிறேன். இஎக்ஸ்5 சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 49.5. மொத்தம் 97.2 சிசி. போரிங் செய்து 1 மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 101 சிசி; கூடுவது 4 விழுக்காடுதான். 53 மில்லிமீட்டர் பிளாக் போட்டால் 109 சிசி. ஆனால் சூடு கூடும். கார்பரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்சும் தாங்க வேண்டும். கொள்ளளவு மாறினால் ஜேபிஜே அனுமதி தேவை. இல்லையென்றால் விபத்து நேரத்தில் காப்புறுதியும் சிக்கலாகும்.

மாறாக, முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 பல் போட்டால், இஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் இழுவை ஏழு விழுக்காட்டுக்கு மேல் கூடும். உச்ச வேகம் குறையும். எனக்கு அது பரவாயில்லை.

அண்ணனிடம் திரும்பிப் போனேன். "இழுவைதான்ணே." அவர் கம்ப்ரஷனை அளந்தார். "புது பவர் அப்புறம். இதுல இருந்து போன பவர மொதல்ல திருப்பிக் கொண்டு வருவோம்" என்றார். சிலிண்டர் தேய்ந்திருந்தது, வால்வும் கசிந்தது. கால் மில்லிமீட்டர் போரிங், புது பிஸ்டனும் வளையங்களும், வால்வு உரசல், கார்பரேட்டர் சுத்தம், பிறகு 13 பல். முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டி, எண்ணெய் மாற்ற வேண்டும். இதுதான் திட்டம்.

நம் பையன்கள் பலர் வேகத்துக்காகவே இஞ்சினைத் திறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துரைக்கு முன் இறங்கி நின்றவர்களின் பேரன்கள், யாருக்காகவும் நிற்காமல் போகும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இந்த வண்டி தந்தது வேகமில்லை. போய், திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை.

மோட்டார் தயாரானதும் அப்பாவிடம் சாவியைக் கொடுத்தேன். மூட்டுவலியோடு ஏறி உட்கார்ந்து உதைத்தார். இரண்டாவது உதையில் கிளம்பியது.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்" என்றார்.