தண்டர்பேர்டா, அவெஞ்சரா? ஒரு பழைய பஞ்சாயத்து

2000களில் மும்பைக்கு வேலைக்கு வந்த நம்மாட்கள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்ட ஆசைப்பட்டால், இந்த இரண்டில் ஒன்றுதான். (யமஹா என்டைசர் 125 சிசி, ஹைவேக்குப் போதாது.)

பஜாஜ் 2001-ல் கவாசாகியின் 175 சிசி எஞ்சினோடு எலிமினேட்டரைக் கொண்டுவந்தது. 2005-ல் கிட்டத்தட்ட அதே உடம்பில் சொந்த 180 சிசி பல்சர் எஞ்சினை வைத்து, அவெஞ்சர் என்று பெயரும் மாற்றியது. நடுவில் 2002-ல் என்ஃபீல்டின் 346 சிசி தண்டர்பேர்ட் திருவொற்றியூரிலிருந்து வந்துவிட்டது.

சொகுசு? அவெஞ்சரில் சீட் தாழ்வு. சயான் சிக்னலில் யாரும் இரண்டு காலையும் ஊன்றலாம். ஆனால் கால் முன்னால் நீட்டியிருப்பதால், பள்ளம் வந்தால் எழும்ப முடியாது. இடி நேரே இடுப்பில்தான். தண்டர்பேர்டில் இந்தத் தொல்லை குறைவு.

நெரிசலில் வளைத்துத் திருப்ப, எடை குறைந்த அவெஞ்சர் சுலபம். செம்பூர் தாண்டி வாஷி பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது தண்டர்பேர்டின் கனம் கைகொடுக்கும்.

எதிர்காற்றில் இரண்டுமே ஒன்றுதான். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சே பாய்மரம். எண்பதைத் தாண்டினால் கையும் கழுத்தும் வலிக்கும். அமெரிக்க க்ரூஸரின் இருக்கையை நகலெடுத்தவர்கள், அதோடு சேர்ந்த முன்கண்ணாடியை விட்டுவிட்டார்கள்! அது அவெஞ்சர் க்ரூஸ் 220-லும், தண்டர்பேர்டுக்குப் பதிலாக 2020-ல் வந்த மீட்டியோர் 350-ன் சூப்பர்நோவாவிலும்தான் கம்பெனியிலிருந்தே வந்தது.

பழைய வண்டி தேடுபவர்களுக்கு என் தீர்ப்பு: ஆபீஸுக்கு அவெஞ்சர், கண்டாலா மலைப்பாதைக்குத் தண்டர்பேர்ட். எதை வாங்கினாலும் முதல் செலவு முன்கண்ணாடிக்கு!