திண்டுக்கல்லின் பழந்துப்பாக்கிகளும் அவற்றைப் பேணும் முறையும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று மேற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீல மதிலாக எழுந்து நிற்பதைக் காணலாம். மேலே கொடைக்கானல். கீழே விருப்பாட்சி, கன்னிவாடி, ஆயக்குடி முதலிய பழைய பாளையங்கள். தென்னிந்தியத் துப்பாக்கி வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் ஒன்று இந்த மலையடிவாரத்தில்தான் தொடங்கியது. ஆயினும் அந்த மரபில் வந்த சிறந்த துப்பாக்கி ஒன்றைக் கண்ணால் காண விரும்புவோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களையே நாட வேண்டியிருக்கிறது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? எஞ்சியிருக்கும் சிலவற்றை எவ்வாறு பேணுவது? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது நமது கருத்து.

1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்தார். பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் அத்தோடு நிற்கவில்லை. புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்து, முறையான பீரங்கிப் படையையும் ஆயுதச்சாலையையும் வெடிமருந்துக் கூடத்தையும் திண்டுக்கல்லில் நிறுவினார் என்று மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் குறிப்பிடுகிறார். பின்னாளில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொடிகட்டிப் பறந்த ஆயுதத் தொழிலுக்கு வித்து இங்கே ஊன்றப்பட்டது எனலாம். ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் பேகம்பூர்ப் பள்ளிவாசலை அறிந்த நம்மவர் பலர். அதே ஊரில் இருந்த ஆயுதச்சாலையை அறிந்தோர் மிகச் சிலர். கணவரைக் கும்பினிப் படையிடம் பறிகொடுத்த வேலு நாச்சியார் 1772க்குப் பின் விருப்பாட்சியில் தங்கி ஹைதரின் உதவியை நாடியதும், 1780இல் சிவகங்கையை மீட்டதும் இந்த இராணுவப் பின்புலத்தில் வைத்துப் பார்க்கத்தக்கவை.

அக்காலத் துப்பாக்கி ஒருமுறை மருந்திட்டால் ஒருமுறை மட்டுமே வெடிக்கும். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டையும் தக்கையையும் இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்க வேண்டும். திரித்துப்பாக்கியில் எரியும் திரி வந்து கிண்ணத்து மருந்தைத் தொடும். சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் எஃகில் உரசித் தீப்பொறி எழும். மழை பெய்தால் இரண்டும் விறகுக் கட்டைக்குச் சமம். பழனி மலைச்சாரலின் ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்தோருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹைதரின் மைந்தர் திப்பு சுல்தான் ஷஹீத் இத்தொழிலைக் கலையாக உயர்த்தினார். அவருடைய பணிமனைகளில் உருவான துப்பாக்கிகளில் ‘பப்ரி’ எனப்படும் புலிக்கோடுகள் ஓடும். விசைப்பொறியிலும் பூண்களிலும் புலித்தலைகள் தோன்றும். ‘அஸதுல்லாஹில் ஃகாலிப்’ என்னும் சொற்றொடரையே புலிமுகமாக வளைத்து எழுதிய முத்திரையும் அவருடைய படைக்கலங்களில் உண்டு. நம் வாசகர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது அவற்றிலுள்ள ஆண்டுக் குறிப்பை. திப்பு சுல்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து கணக்கிடும் ‘மவ்லூதி’ ஆண்டைப் புகுத்தினார். இலக்கங்களையும் அரபு எழுத்து ஓடும் திசையிலேயே, வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆகவே 1222 என்னும் ஆண்டு, பழகிய கண்ணுக்கு 2221 என்று தோன்றும். எழுத்துகளின் எண்மதிப்பிலும் அப்ஜத் முறையை விடுத்து, அலிஃப், பே, தே என்ற வரிசைப்படி அமைந்த முறையைக் கைக்கொண்டார். இவற்றை அறியாதவர் கையில் ஒரு குழல் கிடைத்தால், அதன் காலத்தைத் தவறாகக் கணிப்பார்; அல்லது எழுத்தைப் பூவேலை என்று எண்ணித் தேய்த்து மெருகிடுவார்.

மவ்லூதி 1222 என்பது கி.பி. 1793–94. திண்டுக்கல் சீமை 1790இல் ஆங்கிலேயர் கைப்பட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் முற்றாகக் கைவிட்டுப் போயிருந்த காலம் அது. சுல்தானின் இரு புதல்வர்கள் அப்போது காரன்வாலிஸிடம் பிணையாக இருந்தனர். அந்த ஆண்டில் அஸத் கான் முஹம்மத் என்னும் கைவினைஞர் செய்த வேட்டைத் துப்பாக்கி ஒன்று, பின்னர் அதே காரன்வாலிஸுக்கு அன்பளிப்பாகச் சென்றது! மறுபடி மருந்திடாமல் ஒரே குழலிலிருந்து இருமுறை சுட வல்ல அரிய அமைப்பு அதில் உண்டு. ஒற்றை வெடியின் எல்லையைத் தாண்ட நம் நாட்டுக் கொல்லர் செய்த முயற்சிக்கு அது சான்று. 20 இலட்சம் பவுன் மதிப்பிடப்பட்ட அத்துப்பாக்கி தம் நாட்டை விட்டு வெளியேறிவிடாதிருக்க, 2023 மே மாதம் பிரிட்டிஷ் அரசு அதன் ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. தம் நாட்டின் கலைச்செல்வம் என்று அவர்கள் அதைக் கருதுகின்றனர். கசப்பான நகைச்சுவைதான், ஆயினும் அப்பொருளை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சிதையாமல் காத்தவர்கள் அவர்களே என்பதையும் நேர்மையாக ஒப்ப வேண்டும்.

1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அரண்மனை ஆயுதங்கள் வெற்றிப் பொருளாகப் பங்கிடப்பட்டன. மலையடிவாரத்தின் கதை வேறு. திண்டுக்கல் கூட்டணியின் தலைவர் விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென் தமிழகத்துப் பாளையங்களில் ஆயுதம் தாங்குவதையே தடை செய்தது. தஞ்சை மராட்டிய அரசு 1855இல் முடிவுற்ற பின், அதன் ஆயுதக் கிடங்கில் இருந்தவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தப்பியவற்றுள் ஒரு பகுதி இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறுதியாக 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது; இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று; ஐரோப்பியருக்கோ விலக்கு. குடகு நாட்டில் இத்தகைய கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அங்கே இன்றும் குடும்ப விழாவில் துப்பாக்கி முழங்குகிறது. நம் பக்கத்திலோ பாட்டனார் துப்பாக்கி பற்றிய பேச்சே தாழ்ந்த குரலில்தான் நடக்கும்.

அதே காலத்தில் மலைமேல் வேறொரு காட்சி. 1845இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் குடியேறினர். 1860களின் தொடக்கத்தில் டக்ளஸ் ஹாமில்டன் என்னும் இராணுவ அதிகாரி பழனி மலைகளை அரசுக்காகச் சித்திரங்களாக வரைந்தார். பேரிஜம் ஏரியருகே ‘ஹாமில்டன் கோட்டை’ என்ற பெயர் நிலைத்திருப்பது அவரால்தான், பெயரில்தான் கோட்டை! அவர் பெரும் வேட்டைக்காரர். தென்னிந்திய வேட்டை பற்றிய அவரது குறிப்புகள் 1892இல் நூலாயின. குழலினுள் சுழல்வரி வெட்டிய ரைஃபிள்கள் இம்மலைகளில் வரையாட்டையும் கடமானையும் வீழ்த்திய காலம் அது. வாய்வழி மருந்திடும் வகை போய், 1866இல் ஸ்னைடர், 1871இல் மார்ட்டினி–ஹென்றி எனப் பின்புறம் தோட்டா இடும் வகைகள் பிரிட்டிஷ் படைக்கு வந்தன. அவையும் ஒற்றை வெடியே. இன்று உலகெங்கும் பழந்துப்பாக்கி சேகரிப்போர் விரும்பித் தேடுபவை இவையும் திப்புவின் காலத்தவையுமே. இங்கிலாந்தின் ராபின் விகிங்டன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் திப்புவின் துப்பாக்கிகளுக்கே ஈந்தார். அவை குறித்து 1992இல் நூலும் எழுதினார். அவரது சேகரம் 2005இல் சதபீஸ் ஏலத்தில் சிதறியது.

இனிப் பேணும் முறைக்கு வருவோம். பழந்துப்பாக்கியைப் புதுப்பிக்கிறோம் என்று பலர் அதை அழித்துவிடுகின்றனர். இந்தியக் குழல்கள் பல, இரும்புப் பட்டையைச் சுருட்டிக் காய்ச்சி இணைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் மேற்பரப்பில் அமிலம் தடவி எழுப்பிய நீரலை போன்ற கோலம் இருக்கும். உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்தால் அக்கோலம் போய்விடும். எஃகில் குறுக்குக் கோடு கீறி அதன்மேல் தங்கக் கம்பியை அடித்துப் பதித்த எழுத்தோ, கம்பித் தூரிகைக்கே உதிர்ந்துவிடும். செந்துரு வளரும் நோய். அதை மென்மையாக எண்ணெயிட்டு அகற்ற வேண்டும். கருமையாக இறுகிய பழம் படலமோ குழலுக்குக் காப்பு, அதைத் தொடலாகாது. மரக்கட்டையில் புதிய வார்னிஷ் பூசுவதும் பெருந்தவறு. மெல்லிய மெழுகுப் பூச்சே போதும். இவை அனைத்துக்கும் முன், தகுதியுடையவர் குழலினுள் கோலை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முன் இட்ட மருந்தும் குண்டும் உள்ளேயே உறங்குவது அரிதன்று.

2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில், ஒரு வீட்டுப் பரணில் கிடந்த வெள்ளிப்பூண் துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. கும்பினி அதிகாரி தாமஸ் ஹார்ட் என்பவர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டு சென்றது. அதன் பக்கத்தில் குண்டு பாய்ந்த சேதம் இருந்தது. அக்குடும்பத்தில் எவரேனும் அழகுக்காக அந்தப் புண்ணை மரத்தூளும் பசையும் இட்டு மூடியிருந்தால், இறுதிப் போரின் சாட்சி ஒன்று ஊமையாகியிருக்கும். அது 60,000 பவுனுக்கு விலைபோனது, அந்தக் காயத்தோடேயே.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுட இயலாததாக உள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. புதிய வில்லைப் பூட்டி விசைப்பொறியை இயங்கச் செய்பவர், விலக்கின் நிழலிலிருந்து தாமே வெளியேறுகிறார். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். இவ்விடத்தில் சட்டமும் அருங்காட்சியக நெறியும் ஒன்றையே கூறுகின்றன: அது மீண்டும் வெடிக்க வேண்டியதில்லை. ஐயமிருப்பின் காவல்துறையையோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையோ அணுகுவதே முறை. நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்க.

பரம்பரை வீடுகளிலும் தர்காக்களின் பழைய பெட்டகங்களிலும் உடைந்த குழலோ தனித்துக் கிடக்கும் விசைப்பொறியோ இருக்கக்கூடும். அவற்றின் எழுத்தைப் படிக்க வல்லோர் நம்மிடையே உள்ளனர். அரபுத் தமிழ் ஏடுகளையும் மீஸான் கல்வெட்டுகளையும் படித்துப் பழகிய கண்களுக்கு ஃபார்ஸி வாசகம் ஒன்றும் எட்டாததன்று. குழலைத் துடைக்காமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து படம் எடுத்து, இலக்கங்களை வலமிருந்து படித்துப் பாருங்கள். ‘2221’ என்று தோன்றினால் அது ஸ்ரீரங்கப்பட்டணத்து 1222.