நிவாரண அட்டைக்காகக் கொடுத்த கைரேகை: ரொஹிங்யா அகதிகளின் அனுபவம்

வளர்ந்துவரும் நாடுகளில் டிஜிட்டல் மயமாக்கல் என்றதும் விரைவான சேவை, ஊழல் குறைந்த நிர்வாகம் என்பனவே பேசப்படுகின்றன. ஆனால் போரினால் இடம்பெயர்ந்த மக்களுக்கு அதில் இன்னொரு கேள்வியும் உண்டு. நாம் கொடுத்த தகவல் கடைசியில் யாருடைய கையில் போய்ச் சேர்கிறது என்பதே அது.

மியன்மாரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து 2017 ஓகஸ்ட் முதல் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரொஹிங்யா மக்கள் பங்களாதேஷுக்குத் தப்பியோடினர். 1982ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் இவர்கள். 2018 ஜூனில் பங்களாதேஷ் அரசாங்கமும் ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் இணைந்து கொக்ஸ் பஸார் முகாம்களில் இவர்களைப் பதிவுசெய்யத் தொடங்கின. கைரேகை, கண்ணின் கருவிழி, புகைப்படம், குடும்ப விபரம் என்பன பெறப்பட்டு அடையாள அட்டை வழங்கப்பட்டது. நிவாரணமும் சேவைகளும் அந்த அட்டையுடன் இணைக்கப்பட்டன.

அதே தரவு மியன்மாருக்கும் போகலாம் என்ற அச்சம் அப்போதே எழுந்தது. 2018 நவம்பரில் அகதிகள் முகாம்களில் வேலைநிறுத்தம் செய்தனர். தமது இனப்பெயர் அட்டையில் இல்லை என்பதும் அவர்களது மனக்குறையாக இருந்தது.

மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 ஜூனில் வெளியிட்ட தகவலின்படி, குறைந்தது 830,000 பேரின் பெயர்களை உயிரியல் அடையாளத் தரவுகளுடன் பங்களாதேஷ் மியன்மாரிடம் கையளித்திருந்தது. திருப்பி அனுப்பத் தகுதியானவர்களை அடையாளம் காண்பதற்கே என அதற்குக் காரணம் கூறப்பட்டது. கண்காணிப்பகம் நேர்கண்ட 24 அகதிகளில் மூவருக்கு மட்டுமே ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் தகவலைப் பகிரச் சம்மதமா என்ற கேள்வி பதிவுக்குப் பின் கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டில் ஆங்கிலத்திலேயே இருந்தது. 'ஆம்' என அடையாளமும் இடப்பட்டிருந்தது. தாம் அகதிகளுக்கு விளக்கமளித்துச் சம்மதம் பெற்றதாக உயர்ஸ்தானிகராலயம் பதிலளித்தது.

எவர் சொல்வது சரியாயினும், அடிப்படைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. அரிசிக்காக வரிசையில் நிற்பவர் மறுப்புச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அத்தகைய சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாகக் கொள்ள முடியுமா? கடதாசிப் பதிவேட்டைப் பூட்டி வைக்கலாம், எரிக்கலாம். கணினித் தரவோ நொடியில் பிரதியாகி எல்லை கடந்துவிடும். அட்டை தொலைந்தால் வேறு அட்டை பெறலாம். கைரேகையை மாற்றிக்கொள்ள முடியாது.

பதிவுகளே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. பதிவில்லாத அகதிக்கு உணவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. நிவாரணத்துக்கான பதிவும் பிற அரசுகளுடன் தகவலைப் பகிர்வதற்கான சம்மதமும் வேறுவேறாக, மக்களின் தாய்மொழியில் கேட்கப்பட வேண்டும். மறுத்தவருக்கும் நிவாரணம் நிற்கக்கூடாது.

முகாம்களில் பல தடவைகள் பதியப்பட்ட எமது மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. இலங்கையிலும் இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்திற்காகவே தரவைத் திரட்ட வேண்டும் என்கிறது. ஆயினும் தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு அது விதிவிலக்கும் அளிக்கிறது. அந்த விதிவிலக்கை யார், எப்போது, எவருடைய மேற்பார்வையில் பயன்படுத்துவார்கள் என்பதைக் கைரேகை வைப்பதற்கு முன்னரே நாம் கேட்க வேண்டும்.